பெயர் தெரியாத உஸ்தாத்

பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் சிறிது தொலைவு சென்றால் எங்கள் நசரத்பேட்டை வந்துவிடும். இன்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. போரூரில் 1985இல் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பின்னர் வேலப்பன்சாவடி, தண்டலம் எனச் சாலையோரத்து ஊர்கள் பலவற்றிலும் கல்லூரிகள் எழுந்தன. காலை நேரப் பேருந்தில் வெள்ளை மேலங்கியைக் கையில் மடித்துப் பிடித்த பிள்ளைகளைக் காணும்போது உள்ளம் மகிழ்கிறது. அவர்களுள் முக்காடிட்ட பெண்மக்களும் இருக்கிறார்கள்.

என் தங்கையின் மகளும் அவர்களுள் ஒருத்தி. எங்கள் குடும்பத்தில் மருத்துவம் பயிலச் சென்ற முதற்பிள்ளை. முதலாண்டில் ஒருநாள் மாலை அவள் ஒரு பையைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். மேல்வகுப்பு மாணவி ஒருத்தியிடம் விலை கொடுத்து வாங்கியது என்றாள். கூடத்தில் ஒரு விரிப்பைப் போட்டு, உள்ளிருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒரு மண்டையோடு, ஒரு கை, ஒரு கால், சில விலா எலும்புகள், முதுகெலும்பின் மணிகள். அனைத்தும் உண்மையான மனித எலும்புகள்.

அஸர் தொழுதுவிட்டுத் தஸ்பீஹும் கையுமாக வந்த என் தாயார் அங்கேயே நின்றுவிட்டார்கள். எண்பதைக் கடந்தவர்கள். அஞ்சுவார்கள், அல்லது அருவருப்பார்கள் என்று எண்ணினேன். இரண்டும் இல்லை. மெல்லக் குனிந்து பார்த்துவிட்டு, “இது யாரு பெத்த பிள்ளை?” என்று கேட்டார்கள்.

“நன்னி, இது படிப்புக்காக வாங்கினது” என்றாள் பிள்ளை.

“வாங்கினதா? மையித்தை யாரும்மா வித்தாங்க? குளிப்பாட்டினாங்களா? கபன் போட்டாங்களா? ஒண்ணும் தெரியாமலா வீட்டுக்குக் கொண்டு வந்தே?”

அவள் என்னைப் பார்த்து, “மாமா, நீங்களே சொல்லுங்க” என்றாள். முப்பது ஆண்டுகளாக ஓதிக்கொடுப்பவன் நான். ஒளூவின் மஸ்அலாவையும் பாகப்பிரிவினைக் கணக்கையும் கேட்பவர்களுக்குத் தயங்காமல் விடை சொல்லியிருக்கிறேன். அன்று என் நாவிலிருந்து ஒரு சொல்லும் எழவில்லை. அந்த மௌனத்தைப் பற்றிப் பல நாள் சிந்தித்ததன் பயனே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். எலும்பைக் கண்டு முகம் சுளிக்கும் மார்க்கம் அன்று நம்முடையது. திருக்குர்ஆன் எலும்பைப் பற்றிப் பல இடங்களில் பேசுகிறது. உளுத்துப்போன எலும்பை உயிர்ப்பிப்பவன் யார் என்று கேட்டவனுக்கு யாஸீன் அத்தியாயம் விடை தருகிறது. நூறாண்டு மரித்துக் கிடந்து எழுப்பப்பட்டவர், தம் கழுதையின் எலும்புகள் ஒன்றோடொன்று கூடிச் சதை போர்த்துவதைக் காணுமாறு பகரா அத்தியாயத்தில் பணிக்கப்படுகிறார். ஜகரிய்யா நபியவர்கள் முதுமையில் கையேந்தியபோது, முதலில் முறையிட்டது தம் எலும்பின் தளர்ச்சியைத்தான். ஐம்பதைத் தாண்டி முழங்கால் நோவோடு ருகூவிலிருந்து நிமிர்பவனுக்கு அந்த முறையீட்டின் பொருள் நன்கு விளங்கும்.

கியாமா அத்தியாயம் மிகச் சிறியது, நாற்பதே வசனங்கள். அதன் தொடக்கத்திலேயே, சிதறிய எலும்புகளை இறைவன் ஒன்றுசேர்ப்பதும் விரல் நுனிகளைச் செவ்வையாக அமைப்பதும் பேசப்படுகின்றன. அதே அத்தியாயத்தின் பிற்பகுதியில், உயிர் பிரியும் வேளையில் அது வந்து நிற்கும் இடமாகக் காறை எலும்பு குறிக்கப்படுகிறது. பிள்ளை அந்த வளைந்த எலும்பைக் கையிலெடுத்து அதன் ஆங்கிலப் பெயரைச் சொன்னபோது, “இதற்கு அரபியில் தர்குவா என்று பெயர், இதன் பன்மையைத்தான் கியாமா சூராவில் ஓதுகிறாய்” என்றேன். அவள் வியந்துபோனாள். சிறு வயதிலிருந்து ஓதிவந்த ஒரு சொல்லைத் தன் உள்ளங்கையில் ஏந்தியிருப்பதை அவள் அப்போதுதான் அறிந்தாள்.

அதன்பின் அவளுக்குப் பாடம் கேட்பது என் வேலையாயிற்று. அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நான் ஓர் எலும்பை அவள் கையில் வைப்பேன். தடவிப் பார்த்தே அது எந்த எலும்பு, வலப்பக்கத்ததா இடப்பக்கத்ததா, எந்த முனை மேலே நிற்பது என்று அவள் சொல்லவேண்டும். அவள் கற்றதைவிட நான் கற்றதே மிகுதி என்று சொல்வேன். வளர்ந்த மனிதனுக்கு எலும்புகள் 206. பிறந்த குழந்தைக்கோ ஏறத்தாழ முந்நூறு. வளர வளரப் பல ஒன்றோடொன்று கூடிவிடுகின்றன. ஒரு கையில், மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை, 27. ஒரு பாதத்தில் 26. இரு கைகளையும் இரு பாதங்களையும் கூட்டினால் 106. ஆக, உடலின் எலும்புகளில் பாதிக்கு மேற்பட்டவை உழைப்பதற்கும் நடப்பதற்குமே படைக்கப்பட்டுள்ளன. நாவின் அடியில் ஒரு சிற்றெலும்பு உண்டு. அது வேறெந்த எலும்போடும் மூட்டால் இணையாமல் தசைகளிலும் நார்களிலும் தொங்கி நிற்கிறது. நாம் விழுங்குவதற்கும் பேசுவதற்கும் அது துணை.

இவற்றுள் என்னை நெகிழச் செய்தவை செவியின் உள்ளே இருக்கும் மூன்று சிற்றெலும்புகள். அவற்றில் அங்கவடி எலும்பு உடலிலேயே மிகச் சிறியது. மூன்று மில்லிமீட்டர் அளவே இருக்கும். மற்ற எலும்புகள் குழந்தை பிறந்தபின் பல ஆண்டுகள் வளர்கின்றன. இம்மூன்றுமோ பிறக்கும்போதே முழு அளவை அடைந்துவிட்டவை. பச்சிளங்குழந்தையின் காதில் நாம் பாங்கு சொல்கிறோமே, அதை ஏந்திக்கொள்ளும் எலும்புகள் மட்டும் அன்றே வளர்ச்சி முற்றிக் காத்திருக்கின்றன. சுப்ஹானல்லாஹ்! மனிதனுக்கு 360 மூட்டுகள் உண்டென்றும், அவை ஒவ்வொன்றுக்கும் நாள்தோறும் தர்மம் கடமை என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதை எத்தனையோ முறை பயானில் சொல்லியிருக்கிறேன். மூட்டுகளைத் தொட்டுப் பார்த்தபின்தான் அக்கடனின் கனம் எனக்கு விளங்கியது.

ஆகவே இக்கல்வி நல்லதா என்பதில் ஐயமில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் மருத்துவத்தைப் பர்ளு கிஃபாயா என்று வகுத்தார்கள். ஊரில் சிலரேனும் கற்காவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகளாகும் கடமை அது. சட்டக்கலை பயில மக்கள் முண்டியடிக்கிறார்கள், மருத்துவம் பயிலவோ முஸ்லிம்களில் ஆளில்லை என்று அவர்கள் அன்றே வருந்தினார்கள். தாயாரின் கேள்வி கல்வியைப் பற்றியதன்று. அந்தக் கல்வியின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதே அவர்கள் கேட்டது.

இதை விளங்கிக்கொள்ள எகிப்துக்குச் செல்வோம். பக்தாதில் 1162இல் பிறந்தவர் அப்துல் லத்தீஃப் என்னும் பேரறிஞர். 1200ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் நைல் நதி உரிய அளவு பெருகவில்லை. கொடிய பஞ்சம் மூண்டது. அவ்வேளையில் கெய்ரோவில் இருந்த அவர், தாம் கண்டவற்றை நூலாக எழுதி வைத்தார். கெய்ரோவை அடுத்த அல்மக்ஸ் என்னும் இடத்தில் பிணங்கள் குவிந்து கிடந்த ஒரு மேடு இருந்தது. அப்துல் லத்தீஃப் தம் மாணவர்களோடு அங்கே சென்று எலும்புகளை ஆராய்ந்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கிரேக்க அறிஞர் ஜாலீனூஸ் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக உலகம் அதை நம்பியது. அப்துல் லத்தீஃபோ இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மண்டைகளைப் பார்த்தார். பிறரையும் பார்க்கச் செய்தார். கீழ்த்தாடை ஒரே எலும்பு. அதில் பொருத்து ஏதும் இல்லை. ஜாலீனூஸ் எவ்வளவு பெரியவராயினும் கண்ணால் கண்ட சான்றே வலிது என்று அவர் முடிவு செய்தார். ஐரோப்பாவில் வெசேலியஸ் 1543இல் வெளியிட்ட நூல் இதே திருத்தத்தைச் சொல்லும்போது மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

இந்த வரலாற்றை நான் மாணவர்களுக்குப் பெருமையோடு சொல்லி வந்திருக்கிறேன். முஸ்லிம் அறிஞர் நூலை நம்பாமல் கண்ணை நம்பினார் என்று மார்தட்டியிருக்கிறேன். தாயாரின் கேள்விக்குப் பின் அதே வரலாறு வேறொரு முகத்தைக் காட்டியது. அந்த இரண்டாயிரம் மண்டைகள் யாருடையவை? சோறின்றி மாண்டவர்கள், அடக்கம் செய்ய ஆளின்றிக் கிடந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அப்துல் லத்தீஃப் அவர்களைக் கொல்லவில்லை, விற்கவுமில்லை. ஆயினும் அந்த அறிவு ஏழைகளின் எலும்பிலிருந்து எழுந்தது என்பதை மறுக்க முடியுமா?

பின்வந்த காலங்களிலும் இதே கதைதான். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1828இல் பர்க், ஹேர் என்னும் இருவர் பதினாறு பேரைக் கொன்று, உடல்களை உடற்கூறு ஆசிரியர் ஒருவருக்கு விற்றார்கள். நாடு அதிர்ந்தது. 1832இல் பிரிட்டிஷ் அரசு உடற்கூற்றுச் சட்டம் இயற்றியது. திருட்டும் கொலையும் தேவைப்படாதவாறு, உரிமை கோர ஆளில்லாத உடல்களைக் கல்லூரிகளுக்குத் தர அது வழிசெய்தது. உரிமை கோர ஆளில்லாதவர் யார்? ஏழை விடுதிகளில் இறந்தவர்கள். நம் மாநிலத்திலும் 1951ஆம் ஆண்டின் உடற்கூற்றுச் சட்டம் இதே நெறியில் அமைந்தது. லண்டனில் ஹென்றி கிரே 1858இல் வெளியிட்ட உடற்கூற்று நூல் உலகப் புகழ் பெற்றது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் அதைத் தமிழாக்கச் செய்து, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று வெளியிட்டார். தமிழுக்கு வாய்த்த பெரும்பேறு அது. ஆனால் அந்நூலின் படங்களுக்காக அறுக்கப்பட்டவர்கள் யார் என்று நூல் சொல்வதில்லை. எழுதியவர் பெயர் நின்றது. எழுதப்பட்டவர் பெயர் மறைந்தது.

நம் நாட்டின் நிலையோ இன்னும் வேதனையானது. உலகத்துக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடுகளைப் பெருமளவில் அனுப்பிய நாடாக இந்தியா நெடுங்காலம் இருந்தது. கல்கத்தா அவ்வணிகத்தின் நடுவம். 1985இல் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. தடைக்குப் பின்னும் கள்ளத்தனமாக அது தொடர்ந்தது என்பதற்கு, 2007இல் மேற்கு வங்கத்தின் பூர்பஸ்தலிப் பகுதியில் காவல்துறை கைப்பற்றிய எலும்புக் குவியல் சான்று.

இதைப் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் பிள்ளையிடம், “இந்த எலும்புகள் உனக்கு எப்படி வந்தன?” என்று கேட்டேன். மேல்வகுப்பு மாணவியிடமிருந்து என்றாள். அவளுக்கு? அவளுக்கு முந்தியவளிடமிருந்து. அவளுக்கு? அத்தோடு சங்கிலி அறுந்துவிட்டது. ஒரு நபிமொழியைச் சொன்னால், யார் யாரிடம் கேட்டார் என்று ஸனதைத் தேடும் சமுதாயம் நாம். இடையில் ஒருவர் பெயர் விடுபட்டாலும் அதை மேற்கோளாக ஏற்கத் தயங்குகிறோம். ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த ஒரு மனிதருக்கு ஸனது இல்லை. அவர் மருத்துவமனையில் உரிமை கோரப்படாமல் கிடந்தவரா, மனமுவந்து உடலைத் தந்தவரா, கப்ரிலிருந்து தோண்டப்பட்டவரா, யாருக்கும் தெரியாது. இறந்தவரின் எலும்பை முறிப்பது, உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதைப் போன்றது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வரும் நபிமொழி உணர்த்துகிறது. கப்ரைத் தோண்டித் திருடுவோரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்ததாக முவத்தாவில் வருகிறது.

மார்க்க அறிஞர்கள் இதைப் பற்றி ஆராயாமல் இல்லை. மக்காவின் ராபித்தாவைச் சார்ந்த ஃபிக்ஹுக் குழு 1987இல் கூடி, கல்விக்காக உடலை அறுத்தாராய்வதற்கு நிபந்தனைகளோடு இசைவளித்தது. இறந்தவர் வாழும்போதே இசைந்திருக்க வேண்டும், அல்லது வாரிசுகள் இசையவேண்டும். தேவைக்கு மேல் கைவைக்கக் கூடாது. அறுக்கப்பட்ட உறுப்புகள் அனைத்தும் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பன அவற்றுட் சில. நம் துணைக்கண்டத்து முஃப்திகளில் பலர், உடல் இறைவனின் அமானிதம், அதை எழுதிவைக்க நமக்கு உரிமையில்லை என்று கருதுகின்றனர். சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர் அவை 1976இல், கல்விக்காக அறுப்பதைப் பொறுத்தவரை, மார்க்கத்தின் பாதுகாப்புக்கு உட்படாத பிறரின் உடல்கள் கிடைக்கும்போது அவற்றோடு நிறுத்திக்கொள்வது நலம் என்று கருத்துரைத்தது.

நான் முஃப்தி அல்லன். தீர்ப்புக் கூறும் தகுதியும் எனக்கில்லை. இறுதியாகச் சொன்ன கருத்தின் நோக்கம் முஸ்லிம் மையித்தின் கண்ணியம் என்பதும் புரிகிறது. ஆயினும் ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது பெருமானார் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடையது என்று சொல்லப்பட்டது. அவரும் ஓர் ஆன்மா அல்லவா என்னும் பொருள்படத் திருப்பிக் கேட்டார்கள். புகாரியில் ஓதிய இந்தச் செய்தி என்னை விடுவதாயில்லை.

பர்ளு கிஃபாயா என்பதன் உட்பொருள் என்ன? கடமை ஊர் முழுவதற்கும் உரியது. சிலர் செய்தால் எல்லாருடைய பாரமும் இறங்கும். அப்படியானால் அக்கடமையின் செலவும் ஊர் முழுவதற்கும் உரியதன்றோ? நம் பிள்ளைகள் மருத்துவராக வேண்டும், நமக்கு நோய் வந்தால் நல்ல மருத்துவர் வேண்டும், ஆனால் அவர்கள் கற்பதற்கான எலும்பு மட்டும் எங்கிருந்தோ, கேட்பாரற்ற ஒருவரிடமிருந்து வரவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பயனை எல்லாரும் பகிர்ந்துகொண்டு, செலவை ஏழையின் மையித்தின் மீது மட்டும் சுமத்துவதை நீதி என்று சொல்ல என் நா எழவில்லை. அவ்வேழை எந்தச் சமயத்தவர் என்பதால் இந்த அநீதி நீதியாகிவிடாது.

இன்று நெகிழியில் செய்த எலும்புகள் கிடைக்கின்றனவே, அவை போதாவா என்று சிலர் கேட்கலாம். கட்டாயத்தால் ஆகுமாக்கப்பட்டது அக்கட்டாயத்தின் அளவோடு நிற்கவேண்டும் என்பது ஃபிக்ஹின் விதி. ஆகவே போதுமான இடத்தில் அவற்றைக் கொண்டு கற்பதே தக்கது. ஆனால் எல்லா இடத்திலும் அவை போதா. நகல் செய்தவர் கண்டதைத்தான் நகல் காட்டும். ஒரு மனிதரின் எலும்பு மற்றொருவருடையதைப் போல் இருப்பதில்லை. உழைத்த கையில் தசை பற்றிய இடம் முரடு தட்டியிருக்கும்; முதியவரின் எலும்பு இலேசாகியிருக்கும். நூலிலுள்ள ஒற்றைச் சித்திரத்தோடு உலகம் நின்றிருந்தால், கீழ்த்தாடை இன்றும் இரண்டாகவே இருந்திருக்கும். ஆக, தேவை சுருங்கினாலும் கடன் தீராது.

கடனை எப்படி அடைப்பது? நம் மதரஸாக்களில் உஸ்தாதுக்கு முன் காலை நீட்டி அமர்வதில்லை. கிதாபைத் தரையில் வைப்பதில்லை. அந்த மாணவிக்குக் கை எலும்பைக் கற்பித்தது யார்? கல்லூரிப் பேராசிரியர் பெயர்களைச் சொன்னார். அதன் மேடு பள்ளங்களை அவள் விரலுக்கு ஓதிக்கொடுத்தவர் அந்தப் பெயர் தெரியாத மனிதரே. ஆகவே அவரும் அவளுக்கு உஸ்தாத். எலும்புக்கூட்டுக்கு வேடிக்கைப் பெயர் வைப்பதும், அதன் பக்கத்தில் நின்று கேலிப்படம் எடுத்துக்கொள்வதும் உஸ்தாதை அவமதிப்பதே. எங்கிருந்து வந்தது என்று கேளாமல் வாங்குவதும் தவறு. பயன் முடிந்தபின் இலாபம் பார்த்து விற்பதும் தவறு. வாழும்போதே இசைந்து தம் உடலைத் தருகிறவர்கள் நாட்டில் உண்டு. மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த ஜோதிபாசு 2010இல் மறைந்தபோது அவருடைய விருப்பப்படி உடல் மருத்துவக் கல்விக்கு அளிக்கப்பட்டது. அவர் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. ஆனால் அவர் கொடுத்தார், யாரும் எடுக்கவில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர மார்க்கம் கற்றவனுக்குக் கடினமில்லை.

வாசக அன்பர்கள் என்னைக் கேட்கலாம்: நீர் உம் உடலை எழுதி வைப்பீரா? மறைக்காமல் சொல்கிறேன், நான் எழுதி வைக்கவில்லை. குளிப்பாட்டப்பட்டு, கபனிடப்பட்டு, பள்ளியின் அடக்கத்தலத்தில் என் தந்தையாருக்கு அருகில் கிடக்கவே என் உள்ளம் விரும்புகிறது. அந்த விருப்பத்தை நான் உணரும்போதெல்லாம் ஒன்று நினைவுக்கு வருகிறது. இதே விருப்பம் அந்தப் பைக்குள் இருந்தவருக்கும் இருந்திருக்கலாம். எரிவதோ புதைவதோ, தம்மவர் கையால் ஆகவேண்டும் என்று அவரும் எண்ணியிருக்கலாம். எனக்குக் கிடைக்கவிருப்பது அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காததனால் என் வீட்டுப் பிள்ளை மருத்துவராகிறாள். இதை மறவாதிருப்பதே நான் செய்யக்கூடிய குறைந்த அளவுக் கடமை.

ஆண்டு முடிந்தது. இளைய மாணவர் சிலர் எலும்புகளை விலைக்குக் கேட்டு வந்தார்கள். பிள்ளை தரவில்லை. கல்லூரியின் உடற்கூற்றுத் துறையிலேயே ஒப்படைத்துவிடுவதென்றும், கற்பிக்கும் பயன் முடியும்போது மண்ணில் அடக்கம் செய்துவிடும்படி கேட்டுக்கொள்வதென்றும் முடிவு செய்தோம். கொண்டுசெல்லும் நாளன்று தாயார் தம் பெட்டியைத் திறந்தார்கள். ஹஜ்ஜுக்குச் சென்றபோது ஜம்ஜம் நீரில் நனைத்துக் கொண்டுவந்து, தமக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த கபன் துணி அதில் இருந்தது. அதிலிருந்து ஒரு முழம் கிழித்து, எலும்புகளைச் சுற்றச் சொல்லிக் கொடுத்தார்கள்.

“அம்மா, அது உங்களுக்கென்று வைத்ததல்லவா?” என்றேன்.

“எனக்கு ஒரு முழம் குறைஞ்சா நீங்க வாங்கிப் போட மாட்டீங்களா? இதுக்கு யாரு இருக்கா?” என்றார்கள்.

அன்று முதற்கேள்விக்கு விடை சொல்ல இயலாமல் நின்றவன், இக்கேள்விக்கும் விடையின்றியே நின்றேன். பிள்ளை மட்டும் துணியை வாங்கி, ஒவ்வோர் எலும்பாகப் பெயர் சொல்லிச் சுற்றினாள்.